ஓடாத டொரானா

நோரெல் ஹாட்ரில் ஒரு பழைய பந்தயக் காரின் அடியில் படுத்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இல்லப்பா, இது அது இல்ல" என்று சொல்லிவிட்டால் கதை அதோடு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது. மெல்போர்னிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர் அந்த இடத்திலேயே பானெட்டின் மேல் சாய்ந்து அழுதிருக்கிறார். கூடப் பிறந்த தம்பியின் காரையே போலி என்று எழுதிக் கொடுத்தவள் அவள். அந்தத் தம்பி இன்றுவரை கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. "காருக்காக ரத்த உறவை அறுத்துக்கிட்டவ" என்று அவள் ஊரான பெனல்லாவில் பேசிக்கொள்வார்கள். அவள் காதிலும் விழும். விழட்டுமே! பொய்யை மெய் என்று எழுத அவளுக்கு வராது, அவ்வளவுதான்.

இந்தக் கார்களின் பூர்வீகம் தேடுவது லேசுப்பட்ட வேலை அல்ல. கடைக்குப் பால் வாங்கப் போகிற சாதாரணக் காரை எடுத்து, சீட்டிலிருந்து ரேடியோ வரை பிடுங்கி எறிந்து, மூக்குக்குள் பூதம் போல் ஒரு எஞ்சினைத் திணித்து, எழுபதுகளில் ஆளாளுக்குப் பந்தயம் ஓட்டினார்கள். முட்டிக்கொண்டால் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு வேறொன்றின் முன்பாதியை ஒட்டினார்கள். கவிழ்ந்தால் கூரையை மாற்றினார்கள். எந்தப் பாதி எங்கே போயிற்று என்று பெற்றவனுக்கே தெரியாது. இப்போதோ, அன்று நிஜமாகவே ஓடிய கார் என்று நிரூபித்தால்தான் வின்டன் பழங்கார் பந்தயத்தில் இறங்க விடுவார்கள். அதிலும் நோரெல் சோதித்து எழுதிக் கொடுக்கும் பழங்கார்ச் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. போட்டோவும் பத்திரிகைச் செய்தியும் இரண்டாம்பட்சம்தான். அந்தக் காலத்தில் அந்தக் காரில் வேலை பார்த்தவன் ஒருவன் வந்து, தொட்டுப் பார்த்து, "இதுதான்" என்று சொல்லிவிட்டால் அது வேதவாக்கு.

நோரெலின் புருஷன் மெர்வ் அப்படி வேலை பார்த்தவன். பந்தய ஓட்டுநர் ராய்ஸ் பென்ட்லோவின் மஞ்சள் டொரானா காருக்குத் தலை முதல் வால் வரை வெல்டிங் அவன் கைவேலை. ராய்ஸ் ஜெயித்தார், பேப்பரில் படம் வந்தது, பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். மெர்வ் காருக்கு அடியில் கிடந்தான். ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டால், "உன்னோடது பத்தவைக்கிற கைடா, ஓட்டுற கை இல்ல" என்று ராய்ஸ் சிரிப்பார். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. அந்தக் குழுவில் இன்று உயிரோடு இருப்பது மெர்வ் ஒருவன்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கரட்டா பக்கம் ஒரு கோழிக் கொட்டகையில் டொரானா பாடி ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். எச்சமும் இறகும் அப்பிக் கிடந்த அதன் உள்ளே, ஓட்டுநரைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூண்டைப் பார்த்ததும் மெர்வ் அப்படியே மண்டியிட்டுவிட்டான். வெல்டிங்கை முடிக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சுழி சுழிப்பது அவன் வழக்கம். வேறெவனும் அப்படிச் செய்வதில்லை. கூண்டு முழுக்க அந்தச் சுழி.

"என் கை, நோரா. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட சொல்லுவேன். அவரோட கார் இது."

அன்று பிடித்த பித்து. விடிந்தால் கார், அடைந்தால் கார். வின்டனில் அந்தக் காரைத் தானே ஓட்டப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி மெர்வ் பத்து வயது குறைந்து போனான். ஆனால் போன குளிர்காலத்திலிருந்து வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபிக் கோப்பை, அப்புறம் சட்டைப் பொத்தான். டாக்டரம்மா முகத்தைச் சுளிக்காமல் சொல்லிவிட்டாள்: பந்தய லைசென்ஸுக்கு இந்த வருஷம் கையெழுத்துப் போடுகிறேன், அடுத்த வருஷம் என்னிடம் வராதீர்கள். ஆக, ஓட்டினால் வின்டன் பந்தயம் நடக்கும் இந்த மே மாதம். விட்டால் விட்டதுதான்.

நோரெலுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரு நெருடல். பந்தயத்தில் சூடேறிய டயர் ரப்பரைத் துப்பிக்கொண்டே ஓடும். அந்தத் துணுக்கு மட்கார்டுக்கு உள்ளே, தகடும் தகடும் சேரும் இடுக்கில் போய் அப்பிக்கொண்டால் கடவுளே வந்தாலும் முழுசாக எடுக்க முடியாது. கோழிக் கொட்டகை பாடியைக் கழுவிய அன்று அவள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டுகூட இல்லை. "எவனோ நல்லா சுரண்டிக் கழுவியிருக்கான்" என்றான் மெர்வ். "இருக்கும்" என்றாள். வேறு எவன் காராக இருந்தாலும் அந்த ஒரு இடுக்கை வைத்தே கதையை முடித்திருப்பாள். மெர்வ் அப்போது விசில் அடித்துக்கொண்டிருந்தான். அவன் விசில் அடித்து அவள் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

இப்படி இருக்கையில்தான் சங்கச் செயலாளர் ஐவன் போன் செய்தார்.

"நோரெல், ஒரு வில்லங்கம். பென்ட்லோ டொரானா தன்கிட்ட இருக்குன்னு ரெண்டாவதா ஒருத்தன் மனு போட்டிருக்கான். டாஸ்மேனியாவுல டெலோரைன் பக்கம், மாட்டுப் பண்ணைக்காரன். ஆண்டன்னு பேரு."

"ரெண்டாவதா எப்படி இருக்க முடியும்?"

"அதைத்தான் நீ போய்ப் பாக்கணும். மெர்வையும் கூட்டிட்டுப் போ. அந்தக் காரைப் பத்திச் சொல்ல இந்த உலகத்துல அவன் ஒருத்தன்தானே மிச்சம்?"

"ஐவன், நல்லா யோசிச்சுத்தான் பேசறீங்களா? மெர்வோட மனுவும் உங்க மேஜையிலதான் கெடக்கு. நான் அவன் பொண்டாட்டி."

"தம்பி காரையே தூக்கிக் கடாசினவ நீ. எவனாவது வாயத் தொறந்தா என்கிட்ட அனுப்பு."

விஷயத்தைக் கேட்டதும் மெர்வ் ஸ்பானரைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். பிறகு, "ஸ்பேர் பாடி ஒண்ணு இருந்துச்சு" என்றான்.

"என்ன பாடி?"

"கார் செஞ்ச குளிர்காலத்துல ராய்ஸ் ரெண்டு பாடி செய்யச் சொன்னாரு. ஒண்ணு அடிபட்டா இன்னொண்ணு தயாரா இருக்கட்டும்னு. ரெண்டுக்கும் நான்தான் வெல்டிங். ஆனா ஸ்பேர் பாடி தேவைப்படவே இல்ல நோரா. காயலான் கடைக்குப் போட்டாச்சுன்னு அவரே என்கிட்ட சொன்னாரே!"

"இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லயே மெர்வ்."

"அழிஞ்சு போனதை எதுக்குச் சொல்லணும்? அந்தப் பண்ணைக்காரன்கிட்ட இருக்கறதுதான் ஸ்பேரா இருக்கும். நீ வேணா பாரு."

அவன் குரல் எப்போதையும்விட உரக்க இருந்தது. நோரெல் டாஸ்மேனியா கப்பலுக்கு டிக்கெட் போட்டாள்.

ஆண்டனுக்கு ஐம்பது வயது இருக்கும். கம்பு மாதிரி உயரம், கூச்சம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பின்பக்கம் திறந்த அவர்களுடைய யூட் வண்டி முற்றத்தில் நிற்பதற்குள் ஓடி வந்து மெர்வின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க வருவீங்கன்னு நான் கனவுலகூட நெனக்கல. ஸ்கோன் ரொட்டி சூடா இருக்கு, ஜாம் வீட்டுல போட்டது. முதல்ல சாப்பிடறீங்களா, காரைப் பாக்கறீங்களா?"

"காரைப் பாத்துடுவோம் தம்பி" என்றான் மெர்வ்.

பால் கறக்கும் கொட்டகைக்குப் பின்னால், தார்ப்பாயை விலக்கினால், அதே மஞ்சள். வெளுத்து, உரிந்து, அங்கங்கே துரு தின்று கிடந்தது. பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றில் ஏலத்துக்கு வந்த சாமானோடு சாமானாக எடுத்தானாம். அதற்கு முந்தியவன் எண்பதுகளில் கப்பலில் கொண்டுவந்து நாலைந்து மலைப் பந்தயம் ஓட்டிவிட்டுப் போட்டுவைத்தது.

நோரெல் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தாள். கூண்டில் சுழி இருந்தது. அது தெரிந்ததுதான். பின்சக்கரப் பக்கம் நகர்ந்து, மட்கார்டு இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் முனையை விட்டு நெம்பினாள். கருப்பாக, கெட்டியாக, கருவாட்டுத் துண்டு போல ரப்பர் பெயர்ந்து அவள் முகத்தில் விழுந்தது. இன்னொரு இடத்தில் நெம்பினாள். அங்கேயும் ரப்பர். ராய்ஸ் ஒரு தடவை சுவரில் உரசிய வலது பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திப் பட்டி வைத்த தழும்பும் இருந்தது. பத்திரிகைப் படத்தில் எங்கே நசுங்கியிருந்ததோ அங்கேயே. அவள் மண்ணில் மல்லாந்து படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். ஐயோ, மெர்வ்!

வெளியே வந்து, முகத்தைத் துடைத்தாள். "நீ பாரு" என்று டார்ச்சை மட்டும் நீட்டினாள். அவனே சொல்லட்டும் என்றுதான்.

மெர்வ் நேராகக் காருக்குள் தலையை விட்டான். கூண்டைத் தடவினான். பின்பக்கம் போய் அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தான். தட்டி நிமிர்த்தியவனே அவன்தான், அவன் கைக்குத் தெரியாதா? வெகு நேரம் கையை எடுக்கவில்லை. ஆண்டன் பூட்ஸ் முனையால் தரையைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"வெல்டிங் என்னோடதுதான்" என்றான் மெர்வ். "ஆனா இது ஸ்பேர் பாடி, தம்பி. ராய்ஸ் பந்தயத்துல இது ஓடினதில்ல."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதன் பிடித்த மீனின் அளவைப் பற்றிக்கூடப் பொய் சொல்லி நோரெல் பார்த்ததில்லை. வாயைத் திறந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"ஓ" என்றான் ஆண்டன். அவ்வளவுதான். அவன் வாதாடியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க சொன்னா சரிதான். பத்தவைச்ச ஆளே சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல! பரவால்ல. சிங்கிள்டன்னு ஒருத்தன், டயரைப் பொகைய விட்டு வேடிக்கை காட்டறவன், வெட்டிப் பாகம் பாகமா எடுத்துக்கறேன்னு ரொம்ப நாளாக் கேக்கறான். குடுத்துட வேண்டியதுதான்."

பிறகு என்ன நினைத்தானோ, கொட்டகைக்குள் போய் ஒரு துணி மூட்டையோடு வந்தான். பிரித்தால் தோல் சுற்றிய சின்ன ஸ்டியரிங். ராய்ஸின் கை பட்டுப் பட்டுப் பளபளத்திருந்தது.

"காரோட வந்துச்சு. இதுமட்டும் நெஜமா அவரோடதுதான்னு விக்கிறப்ப சொன்னாங்க. அப்படின்னா இது உங்க காருக்குத்தானே சேரணும்? எடுத்துக்கங்க. காசெல்லாம் வேணாம்."

மெர்வ் வாங்கிக்கொண்டான். வாங்கினானே! ஸ்கோன் வேண்டாம், கப்பலுக்கு நேரமாகிறது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு யூட்டில் போய் உட்கார்ந்தான். நோரெல் பின்னாலேயே போனாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை.

"கிளப்பு" என்றான் மெர்வ்.

"போய்ச் சொல்லு."

"என்னத்த?"

"என்கிட்டயே கேக்கறியா? ரப்பர் என் மூஞ்சியிலயே விழுந்துச்சு மெர்வ். நீ அந்தத் தழும்பைத் தொட்டப்ப உன் முதுகு நடுங்கினதை நான் பாத்தேன்."

அவன் மடியிலிருந்த ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் ஓட்டப் போறதில்ல நோரா. வித்துருவான், இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவை தார்ப்பாயை எடுத்துப் பாத்துட்டு மூடுவான். எனக்கு ஒரே ஒரு மே மாசம். அதுக்கப்புறம் எல்லாத்தையும் சொல்லிடறேன். ஊரைக் கூட்டிச் சொல்றேன்."

"அதுக்குள்ள அதை வெட்டிப் போட்டிருப்பாங்க. கேட்டியா இல்லியா? நீ செஞ்ச காரை. நெஜமா ஓடின காரை."

"நீ வாயை மூடிட்டிருந்தா போதும்."

"உன் சட்டைக்கு நான் பொத்தான் போட்டுவிடறேன். நாளைக்கு உனக்குக் கறியை வெட்டிக் குடுக்கணும்னாலும் குடுப்பேன், முகம் சுளிக்காம. இது மட்டும் என்னால ஆகாது. நீ போய்ச் சொல்லு, இல்லன்னா நான் போய்ச் சொல்றேன். உன் வாயால வந்தா நல்லாருக்கும்."

"ராட்சசி" என்றான் மெர்வ். சொல்லிவிட்டு அழுதான். அவள் முன்னால் அப்படி அழுதது தாய் செத்தபோது மட்டும்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு, ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினான். நோரெலும் கூடவே நடந்தாள்.

ஆண்டன் சமையலறையில் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். "ஐவன்கிட்ட சொல்லிட்டேன், மனுவை வாபஸ் வாங்கிக்கறேன்னு. சும்மா எதுக்கு அவங்க நேரத்தை வீணடிக்கணும்... என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?"

மெர்வ் ஸ்டியரிங்கை மேஜைமேல், ஸ்கோன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "உன்கிட்ட இருக்கறதுதான் தம்பி ராய்ஸோட கார். என்கிட்ட இருக்கறது ஸ்பேர். நான் பொய் சொன்னேன்."

ஆண்டனின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போயிற்று. இவ்வளவு சாதுவான மனிதனுக்கு இவ்வளவு கோபம் எங்கே இருந்ததோ!

"இதையா சொல்ல வந்தே? நான் அதை வெட்டக் குடுத்திருப்பேன்யா! நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக, உன்னைக் கடவுள் மாதிரி நெனச்சுக்கிட்டு! ஸ்டியரிங்கை வேற வாங்கிட்டுப் போனியே, கை கூசலை?"

"கூசிச்சு."

"இப்ப நான் ஐவன்கிட்ட என்ன சொல்ல? வெல்டிங்காரர் மனசு மாறிட்டாருன்னா? காசு குடுத்து மாத்திட்டான்னு நாளைக்கே சங்கம் பூராப் பேசும். மொதல்ல சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யான்னு எவன் கண்டான்? உன் வாக்குதான் எனக்கு இருந்த ஒரே சாட்சி. அதையும் நாசம் பண்ணிட்டே."

அது நியாயம்தான். நோரெல் தான் கண்ட ரப்பரைப் பற்றி எழுதலாம். ஆனால் ரப்பர் எந்தப் பந்தயத்தில் ஒட்டியது, ராய்ஸ் ஓட்டியபோதா, பின்னால் மலையில் ஓட்டியபோதா என்று எவனாவது கேட்டால் அவளிடம் பதில் இல்லை. தழும்பையும் பின்னால் வந்தவன் உண்டாக்கியிருக்கலாம் என்பார்கள். அவர்களுக்காக ஆண்டன் ஊற்றிவைத்திருந்த டீ மேஜையில் ஆறிக் கிடந்தது.

"நோரா, பேனாவை எடு" என்றான் மெர்வ். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "எழுது. மெர்வின் ஹாட்ரில் ஆகிய என்கிட்ட இருக்கற டொரானா எந்தப் பந்தயத்துலயும் ஓடாத ஸ்பேர் பாடி. என் மனுவை நிரந்தரமா வாபஸ் வாங்கிக்கறேன். அந்தக் காரை நான் ஓட்டணும்கிற ஆசையில, இன்னிக்கு இந்த மனுஷன்கிட்ட பொய் சொன்னேன். இவ்வளவு போதும் நோரா, தன் காரைத் தானே மட்டமாச் சொல்லி எவனும் பொய் சொல்ல மாட்டான். அதனால நம்புவாங்க."

"பொய் சொன்னேங்கறதை எழுதணுமா?" என்று கேட்டாள் நோரெல்.

"அதை எழுதலைன்னா மத்தது நிக்காது. உனக்குத் தெரியாததா?"

எத்தனையோ பேருடைய ஆசையில் மண்ணைப் போட்டு எழுதியிருக்கிறாள். அவர்கள் காரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாளே தவிர, காரை வைத்திருந்தவனைப் பற்றி எழுதியதில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். மெர்வ் பேனாவைப் பிடித்ததும் கை ஆட ஆரம்பித்தது. மணிக்கட்டைப் பிடிக்கப் போனாள். அவன் தட்டிவிட்டான். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. ஆண்டன் அதைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த ஆசைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவன் கைகொடுக்கவில்லை. வாசல் வரை வரவும் இல்லை. ஏன் வர வேண்டும்?

யூட் பண்ணைப் பாதையில் இறங்கியது. இரண்டு பக்கமும் மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. பாதி தூரம் வந்ததும் மெர்வ் கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இங்க, அடியில படுத்தப்ப."

"நோரா."

அவள் கியரை மாற்றினாள். "கோழிக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து கழுவினோமே, அன்னிக்கே சந்தேகம்தான். இடுக்கு சுத்தமா இருந்துச்சு."

"சந்தேகமா, தெரியுமா?"

"தெரியும்."

மெர்வ் தலையை ஆட்டிக்கொண்டான். "நான் சொன்ன பொய் ஒரு டீ ஆறுற நேரம்தான் நின்னுச்சு. நீ நாலு வருஷமா சொல்லியிருக்கே. ஊர்ல எல்லாருக்கும் மூஞ்சிக்கு நேராச் சொல்றவ, தம்பிக்கே சொன்னவ. எனக்கு ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தே, மெர்வ்."

"என்னைப் பாத்துப் பாவம்னு நெனச்சுட்டே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "கையே நடுங்காத காலத்துலயே நெனச்சுட்டே."

பாதை முடிந்து பண்ணையின் கேட் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் இறங்கித் திறக்க வேண்டும், அது அங்கெல்லாம் வழக்கம். மெர்வ் இறங்கினான். கேட்டில் சங்கிலி கொக்கியோடு சிக்கிக் கிடந்தது. அவன் விரல்கள் அதைப் பிடிப்பதும் நழுவ விடுவதுமாக இருந்தன. நோரெல் கதவுப் பிடியில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்து ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, அவன் திறக்கும் வரை காத்திருந்தாள்.